உருளைக்கிழங்குக்குப் பீரியட் இல்லை

திங்கட்கிழமை மதியம் சரியாக ஒரு மணிக்கு ரகுபதி கேரியரின் மேல் அடுக்கைத் திறந்தார். பாகற்காய். நடு அடுக்கில் முளைகட்டிய பயறு. கீழ் அடுக்கில் கேழ்வரகுக் களி.

டாக்டர் சொன்னது ஒரே வரிதான். "சர்க்கரை பார்டர்ல நிக்குது." அவர் மனைவி ரத்னா பள்ளிக்கூட டீச்சர் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வாரம் முழுவதற்கும் ஒரு சாப்பாட்டு டயம்டேபிள் தயாரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். அதில் வாழைத்தண்டுக்கு இரண்டு பீரியட், கொள்ளுக்கு மூன்று. உருளைக்கிழங்குக்கு ஏழு நாளிலும் இடமில்லை.

"நான் மட்டும் வேறயா சாப்பிடறேன்? எனக்கும் இதே கேரியர்தானே!" என்றாள் அவள்.

ஆபீசில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த ஒரு மணிச் சாப்பாடு. பிரமோஷன் வரவில்லை, தலைக்கு மேல் ஃபேன் ஓடவில்லை. எல்லாவற்றையும் ஓர் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது அதற்கும் வேட்டு.

மேற்கு மாம்பலத்தில் அவர்கள் தெருவிலிருந்து தி.நகருக்குக் கேரியர் சுமப்பவள் தேசம்மா. ஆபீஸ்களுக்கும் ரத்னாவின் பள்ளிக்கூடத்துக்கும் அவள்தான். எது யாருடையது என்று கைப்பிடியில் கட்டிய கலர் துணியைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். ரகுபதிக்குப் பச்சை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் அவளை மடக்கினார்.

"தேசம்மா, நம்ம தெரு சாய்நாத்துக்கு அல்சர். அவர் சம்சாரம் காரமாத்தான் சமைக்கிறாங்க. நாளையிலேர்ந்து என் கேரியரை அவருக்குக் குடு, அவரோடது எனக்கு வரட்டும்."

"அவரு ஒத்துக்கினாரா?"

"கையெடுத்துக் கும்பிட்டார்!"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

"நா இன்னாத்துக்கு சார் சொல்லப் போறேன்?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் சிவப்புத் துணி கேரியர் வந்தது. வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட். ரகுபதியின் கண்ணில் நீர் வந்தது. பாதி காரத்தால், பாதி ஆனந்தத்தால்.

சாயங்காலம் ரத்னா கேட்டாள். "வாழைத்தண்டு எப்படி இருந்தது?"

"அடடா! தேவாமிர்தம்!"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். உச்சி குளிர்ந்துபோன ரத்னா ராத்திரிக்கும் வாழைத்தண்டே செய்தாள். அதிலிருந்து தப்பிக்க, "ராத்திரி கஞ்சி போதும்மா. உடம்பு லேசாயிடுச்சு, பசியே எடுக்கறதில்ல" என்று அளந்துவிட்டார். அது இன்னும் வம்பாகப் போயிற்று.

"எங்க வீட்டுக்காரரே மாறிட்டார்னா பார்த்துக்குங்க!" என்று ரத்னா தெருவெல்லாம் பெருமையடித்தாள். பெண்கள் டயம்டேபிளைப் பார்க்கப் படையெடுத்தார்கள். அவள் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ரகுபதி சிவப்புத் துணி கேரியரை ஆசையாகத் திறந்தார். பாகற்காய்.

சாய்நாத் போன் செய்தார். "சார், உங்க புண்ணியத்துல எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் ஒட்டியாச்சு. வயிறு ஜில்லுன்னு இருக்கு. இனிமே எதுக்கு மாத்தணும்? ரெண்டும் ஒண்ணுதான்!"

ரகுபதி மஞ்சள் துணிக்குத் தாவினார். அது அதே தெரு சுப்பராயனுடையது. பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிடுகிறவர், பாகற்காய்க்கும் பாதுஷாவுக்கும் வித்தியாசம் தெரியாதவர். செவ்வாயன்று வடை வந்தது. புதனன்று வாழைத்தண்டு. வியாழனன்று நீலத் துணியைப் பிடித்தார். அதற்குள் கொள்ளு முந்திக்கொண்டது. தெருமுனையில் ஆண்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, மாடிப்படியில் அவர் கெஞ்சாத குறைதான்.

"தேசம்மா, இத்தனை கேரியர் தூக்கறே. உருளைக்கிழங்கு இருக்கிற கேரியர் ஒண்ணு கூடவா இல்லை?"

தேசம்மா தலையைச் சொறிந்தாள். "ஒண்ணே ஒண்ணு கீது சார். அம்மா ஸ்கூல்ல, நம்ம தெரு மேகலா டீச்சருது. தெனிக்கும் உருளக்கெழங்கு, வடை. வெள்ளிக்கெழமைன்னா பாயசம். அந்தம்மா எளைக்கணும்னு பாக்குது, வூட்ல வுட மாட்றாங்க."

ரகுபதிக்கு உயிர் வந்தது. "அப்போ ரொம்ப வசதியாப் போச்சு! என் பாகற்காயை அவங்களுக்குக் குடு. அதை எனக்குக் கொண்டா, தாயே!"

"அது முடியாது சார். டயம்டேபிள் ஒட்டின மறுநாளே உங்க வூட்டம்மா அதப் புடிச்சிக்கினாங்க. தெருவுக்கே ஜெராக்ஸ் குடுத்தவங்க, அந்த ஒரு வூட்டுக்கு மட்டும் இன்னாத்துக்குக் குடுக்கலன்னு நெனச்சீங்க?"