கழுத்துக்கு மேலே ஓடுவது எப்படி

முதலில் ஒரு விடுகதை. இரண்டு பேர், பார்க்க ஒரே மாதிரி. ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். மாற்றி வைத்தால் பொருந்த மாட்டார்கள். ஒருவர் தொலைந்துபோனால் மற்றவரால் பயனில்லை. ஓடக் கிளம்புகிறவர்கள் இவர்களை மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அது என்ன?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லலாம். சாந்தோம் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கேட்டால், பிள்ளைகள் அத்தனை பேரும் "ஷூ!" என்று கத்துவார்கள். தி.நகரில் இருக்கும் உடல் உற்சாக மேம்பாட்டு இயக்ககத்தில் கேட்டால் "இயர்போன்" என்று அடக்கமாகச் சொல்வார்கள். இரண்டு விடையும் சரிதான். ஆனால் கோப்பில் ஒரு விடைக்குத்தான் இடம் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர் டோரதி. அவரிடம் நன்றாக ஓடும் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் சோஃபியா ஓடினால் மற்ற ஐந்து பேரும் அவள் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவள் போட்டிருந்தது அண்ணன் போட்டுத் தீர்த்த ஷூ. இரண்டும் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தன. போன வருடம் மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டத்தில், கடைசி வளைவில் ஒரு ஷூவின் அடிப்பாகம் மடங்கிச் சிக்கி, அவள் முகம் குப்புற விழுந்தாள். இந்த வருடத் தேர்வு ஓட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு ஓட விதியில் இடமில்லை. அதனால் டோரதி டீச்சர் ஆறு ஜோடி ஷூ கேட்டு இயக்ககத்துக்கு எழுதினார்.

மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. டீச்சரை ஓட்டத் துணைக்கருவித் தேர்வுக் குழுவின் உறுப்பினராக்கி, உடனே வரச் சொன்னார்கள்.

குளிர்சாதன அறையில் நீளமான மேசை. அதன் தலைமாட்டில் இணை இயக்குநர் ராமானுஜம். பக்கத்தில் ஆலோசகர் பிரணவ். வயது குறைவு, தாடி நேர்த்தி. மேசையின் மேல் மூன்று வகை இயர்போன்கள் வெல்வெட் துணியில் படுத்திருந்தன.

"சார், ஷூ வந்திருக்குன்னு நினைச்சு வந்தேன்" என்றார் டோரதி டீச்சர்.

"ஷூவா? அது கால் சம்பந்தப்பட்டது டீச்சர். கழுத்துக்கு மேலேதான் எங்க இயக்ககம். முழங்காலுக்குக் கீழே மேற்கு மாம்பலம் ஆபீஸ்."

"நடுவுல இருக்கிறது?"

"அதுக்கு இன்னும் பதவி உருவாக்கல."

"மாம்பலத்துக்கும் போனேன் சார். எல்லாம் மேலேருந்து கீழேதான் வரணுமாம். காது வேலை முடிஞ்சுதுன்னு தி.நகர்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னாங்க."

"பாத்தீங்களா, எவ்வளவு ஒழுங்கான ஆபீஸ்!" என்று ராமானுஜம் மகிழ்ந்தார். "காது முடிஞ்சா கால் தானா வரும். நான் சும்மா சொல்லல. பெசன்ட் நகர்ல விடியக்காலையில கள ஆய்வு பண்ணியிருக்கேன். ஓடுற அத்தனை பேர் காதுலயும் இயர்போன். காதுல ஒண்ணும் இல்லாதவங்க ஓடவே இல்லை. நின்னு அருகம்புல் ஜூஸ் வித்துட்டு இருந்தாங்க. இதுலேருந்து என்ன தெரியுது?"

"கால்ல என்ன போட்டிருந்தாங்க சார்?"

"அதைக் கவனிக்க வாய்ப்பில்லை டீச்சர். நான் காருக்குள்ளே இருந்தேன். ஏசி ஓடினதால கண்ணாடியை இறக்கல. மார்புக்கு மேலதான் தெரிஞ்சுது."

கள ஆய்வின் முடிவு இவ்வாறு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதும், பிரணவ் எழுந்தார்.

"மேடம், இது ஒயர் வெச்சது. கொஞ்சம் பழைய ஸ்டைல். இது ஒயர் இல்லாதது, காதுக்குள்ளே குட்டியா உட்காரும். இதுதான் இப்போ எல்லாரும் போடறது, காதையே மூடாது. காதுக்கு முன்னாடி எலும்புல உட்கார்ந்து பாட்டைக் கொடுக்கும். பின்னாடி வர்ற பஸ் ஹாரனும் கேட்கும்."

"எங்க பிள்ளைங்க ஓடுற இடத்துல பஸ் வராதே தம்பி. பள்ளம்தான் இருக்கு."

"பள்ளம் சத்தம் போடாது மேடம். அதனால பிரச்சினை இல்லை."

முதல் சோதனை வியர்வை. ஓடுகிறவருக்கு வேர்க்கும், வியர்வை உள்ளே இறங்கினால் இயர்போன் கெட்டுப்போகும். ஆனால் அந்த அறையில் யாருக்கும் வேர்க்கவில்லை. ஏசியை நிறுத்தலாம் என்றால் அது மின்சாரப் பிரிவின் அதிகாரம். ஆகவே அலுவலக உதவியாளர் கபாலி அழைக்கப்பட்டார்.

"கபாலி, கொஞ்சம் வேர்த்துட்டு வாங்க."

"இன்னா சார் இது? குந்திகினு கீறவனுக்கு எப்டி வேர்க்கும்?"

"கீழே போய் பாண்டி பஜார் வரைக்கும் ஓடிட்டு வாங்க. லிஃப்ட்ல வராதீங்க."

"லிஃப்ட் என்னிக்கு சார் ஓடிச்சு?" என்று சொல்லிவிட்டு கபாலி போனார்.

திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. கதவைச் சாத்தி, நாற்காலி போட்டு, இயர்போனைத் துடைத்து அவர் காதில் மாட்டுவதற்குள் ஏசியில் வியர்வை காய்ந்துவிட்டது. மறுபடி அனுப்பினார்கள். மறுபடி காய்ந்தது. இன்னொரு தடவை என்றதும் கபாலி, "சார், டீ வாங்கியாரச் சொல்லு, போறேன். சும்மா ஓடிகினு வரச் சொல்லாத. பஜார்ல அல்லாரும் என்னிய திருடன்னு பாக்கறான்" என்றார்.

ராமானுஜம் ஆழ்ந்து யோசித்தார். "வியர்வை தங்கவே இல்லை. தங்காத வியர்வை எப்படிக் கெடுக்கும்? மூணும் தேர்ச்சி."

இரண்டாவது சோதனை: ஓடும்போது கழன்று விழுமா? இதற்கு யாராவது ஓட வேண்டும். தாழ்வாரத்தில் ஓடக் கூடாது என்று இயக்ககமே பலகை வைத்திருந்தது. அறைக்குள் ஓடினால் வெல்வெட் துணி இருந்த மேசையில் இடித்துக்கொள்ள வேண்டும்.

"ஓடினா என்ன ஆகுது? தலை மேலும் கீழும் ஆடுது, அவ்வளவுதான்" என்றார் பிரணவ்.

"அது நமக்குப் பழக்கம்தானே!" என்றார் ராமானுஜம்.

ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். டோரதி டீச்சருக்கு ஒயர் வைத்தது கிடைத்தது. ராமானுஜம், இயக்குநர் அவர்களின் தொலைநோக்குப் பார்வையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்லார் தலையும் ஆடியது. இத்திட்டத்தால் ஓடாதவர்களும் ஓடுவார்கள் என்றார், ஆடியது. ஓடுகிறவர்கள் பறப்பார்கள் என்றார், ஆடியது. இடையில் ஒரு விஷயத்தில் பிரணவுக்குச் சொந்தக் கருத்து தோன்றி, தலை கொஞ்சம் பக்கவாட்டில் போய்விட்டது. அவருடைய இடது காதிலிருந்தது மேசையில் விழுந்தது. அது கருத்தின் குறை, கருவியின் குறையல்ல என்று பதிவானது.

"ஆக, பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஷூ ஒன்றும் அவசரமில்லை" என்று ராமானுஜம் முடித்தார்.

டோரதி டீச்சரின் காதிலிருந்தது விழவில்லை. அசையக்கூட இல்லை. காது வேலை முடிந்தால்தானே கால் வேலை என்ற நினைப்பில் அவர் சீராக ஆட்டிக்கொண்டே இருந்தார். எதற்கு ஆட்டினோம் என்பது, தலை நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அற்புதம்! பயனாளிகள் தரப்பே முழுச் சம்மதம்!" என்றார் ராமானுஜம்.

மூன்றும் தேறிவிட்டதால் எதை எடுப்பது என்ற சிக்கல் வந்தது. யார் எடுத்தாலும் நாளைக்கு யாராவது ஏன் என்று கேட்பார்கள். நெடுநேரம் ஆலோசித்தபின், யாரும் கேள்வி கேட்க முடியாத ஓர் உயர் அதிகாரி கண்டுபிடிக்கப்பட்டார். "குழந்தையின் சுதந்திரமான தேர்வு" என்று ராமானுஜம் தீர்ப்பளித்தார்.

செய்தி பரவியது. மயிலாப்பூரில் ஓடாதவர்களும் இயர்போன் வாங்கினார்கள். மாட வீதியில் கொத்தமல்லி பேரம் பேசுகிறவர்கள்கூட, எலும்பில் உட்காருகிற வகையை மாட்டிக்கொண்டு பேரம் பேசினார்கள். மந்தைவெளியில் இரண்டு குடும்பங்கள் பெண் பார்க்கும்போது அதைப் பற்றி விசாரித்தன.

தேர்வு ஓட்டம் நடந்த காலையில் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பேனரில் "காது வளம், கால் பலம்" என்று எழுதியிருந்தது. ஓட்டத்துக்கு முன்னால் விழா. பெற்றோர்கள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள். சோஃபியாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் படியேறியபோது ஷூ இரண்டும் டப்பு டப்பென்று அடித்தன. மைக்கில் அது எல்லாருக்கும் கேட்டது. கைதட்டல் என்று நினைத்துச் சிலர் சேர்ந்து தட்டினார்கள்.

மூன்றையும் தட்டில் வைத்து நீட்டினார்கள். சோஃபியா ஒயர் வைத்ததைத் தொட்டுப் பார்த்தாள்.

"சார், இதை இழுத்தா அறுந்துடுமா?"

"சூப்பர் கேள்வி!" என்றார் பிரணவ். "அறாது. உள்ளே நூல் வெச்சுப் பின்னியிருக்கு."

"மணல் பட்டா?"

"ஒண்ணும் ஆகாது."

"முடிச்சு விழுந்தா அவுருமா?"

"லேசுல அவுராது. அதுதான் இதுல இருக்கிற ஒரே குறை."

"அப்போ இது."

"பயனாளியே தொழில்நுட்பக் கேள்விகள் கேட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்!" என்று ராமானுஜம் மைக்கில் அறிவித்தார். அந்த வகையில் ஒரு பெட்டி நிறைய அவர் காரில் தயாராக இருந்தது. மற்ற இரண்டு வகைகளிலும் ஒவ்வொரு பெட்டி இருந்தது. ஒயர் பெட்டியைப் பிரித்து, ஓடப் போகிற மற்ற ஐந்து பேருக்கும் மாட்டிவிட்டார்கள்.

"மிஸ், இந்தப் பின்னை எதுல சொருகணும்? எங்ககிட்ட ஃபோன் இல்லையே" என்று ஒரு பிள்ளை கேட்டது.

டோரதி டீச்சர் ராமானுஜத்தைப் பார்த்தார்.

"அது அடுத்த கட்டம்" என்றார் ராமானுஜம்.

டீச்சரின் தலை ஆடப் போனது. கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். ஐந்து பேரும் இயர்போனால் காது அடைபட்டு நின்றார்கள், விசில் கேட்டு ஒருவரும் கிளம்பவில்லை. ஆறாவது ஆள் கோட்டிலேயே இல்லை.

சோஃபியா கோட்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒயரை, நுனியிலிருந்த பின்னுக்குச் சற்று மேலே பல்லால் கடித்து அறுத்து, இரண்டாகப் பிரித்திருந்தாள். இடது என்று குறி போட்டிருந்ததை இடது ஷூவில் சுற்றி முடிச்சுப் போட்டாள். வலது என்று குறி போட்டிருந்ததை வலது ஷூவில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.