சீமைக் காருக்கு ரத்தம் வந்தது

கேட்டீர்களா சேதியை? ரெட்டியார்சத்திரம் தாண்டி, பழனி ரோட்டு ஏற்றத்தில் ஒரு கார் ரத்தம் சிந்துகிறதாம்! ஆடு சிந்தும், கோழி சிந்தும். இப்போது காரும் சிந்துகிறது. அதுவும் சீமைக் கார்.

ஆத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். சாணார்பட்டியிலிருந்து லாரி பிடித்து வந்தார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் "ரத்தக் கார், ரத்தக் கார்!" என்று கூவியே ஆள் ஏற்றினார்கள். சின்னாளப்பட்டி நெசவுக்காரர் ஒருவர் தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்து, காரின் மூக்குக்குச் சுங்குடிச் சேலை சாத்தினார். ஆண் காரா, பெண் காரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கார் நூல் மில் முதலாளி மலைச்சாமியுடையது. மெட்ராசில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. எட்டு சிலிண்டர். மிதித்தால் பறக்கும். கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். தானாக நடக்கிற எதையும் நம் ஜனம் சும்மா விடுமா? வந்த அன்றே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருப்பணன் வந்து திருஷ்டி கழித்துவிட்டுப் போனான்.

கருப்பணன் யாரென்று சொல்லவில்லையே. போன வருஷம் வரைக்கும் சந்தையில் மூட்டைப்பூச்சி மருந்து விற்றவன். மூட்டைப்பூச்சி ஒன்றுகூடச் சாகவில்லை. ஆகவே சாமியார் ஆகிவிட்டான்.

இரண்டு மாதம் பறந்த கார் ஒருநாள் இந்த ஏற்றத்தில், செல்லக்கிளியின் டீக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது. இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. கீழே செக்கச்செவேலென்று சொட்டு.

"முதலாளி, இது கியர்பாக்ஸ் ஆயிலு. இந்த வண்டிக்கு ஆயிலே செவப்புதான். எங்கிட்டோ ஒழுகுது. செத்த நேரம் குடுங்க, கீழ படுத்துப் பாக்குறேன்" என்றார் டிரைவர் அப்பாஸ்.

"ஏப்பா, என் அம்பாசிடர் இம்புட்டு வருசமா ஒழுகுது. கறுப்பாத்தான் ஒழுகுது. ஆயிலு எங்கயாச்சும் செவக்குமா?" என்றார் மலைச்சாமி. ஆராய்ச்சி முடிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய மனிதர் கருப்பணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கருப்பணன் காரைச் சுற்றி வந்தான். டீக்கடையை முறைத்தான்.

"இந்தக் கடைக்கு அடியில ஒரு கன்னித் தெய்வம் கெடக்கு. தலைக்கு மேல அடுப்பு எரிஞ்சா பொறுக்குமா? அந்தக் கோவந்தான் கார்ல ரத்தமா வடியுது. கடையை எடுத்துட்டு எனக்கு அங்கன ஒரு பீடம் கட்டுங்க. வண்டிக்கு அடியில மட்டும் எவனும் குனிஞ்சு பாக்கப்படாது. பாத்தா கண்ணு அவிஞ்சிரும்!"

ஒரு மணி நேரம் பூஜை போட்டான். சாவியைத் திருப்பியதும் கார் பத்தடி நகர்ந்து, மறுபடி நின்றது. போதாதா? ஜனம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. அன்று முதல் கார் அங்கேயே குடியேறிவிட்டது. சாயங்காலந்தோறும் பூஜை, பத்தடி. ராத்திரி தள்ளி இறக்கி, பழைய இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கார் ரத்தத்தில் பஞ்சை நனைத்து, தாயத்தில் அடைத்து விற்றான் கருப்பணன். சொட்டுவது என்னவோ அரைத் தம்ளர். தாயத்து போனதோ கூடை கூடையாக.

டீக்கடை இருந்த இடம் மலைச்சாமியின் பட்டா. "வெள்ளிக்கெழமை காலி பண்ணிரு தாயி" என்றுவிட்டார். செல்லக்கிளிக்குப் புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த அடுப்புதான் சோறு. "நான் எங்கிட்டுய்யா போவேன்?" என்று காலில் விழுந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் வேறு யாருக்கும் வரவில்லை. அவள் போட்ட டீயையே குடித்துக்கொண்டு, "சாமி குத்தம் பொல்லாதது, காலி பண்ணிருக்கா" என்று அவளுக்கே புத்தி சொன்னார்கள். டீயைச் சரியாக ஆற்றவில்லை என்று குறை வேறு.

வெள்ளிக்கிழமை வந்தது. கடப்பாரையும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தினமும் அங்கே டீ குடிக்கும் அறிவியல் டீச்சர் இன்னாசியம்மாளும் வந்தார்.

"கருப்பணா, இது ரத்தமா?"

"கன்னி ரத்தம் டீச்சர்!"

டீச்சர் அவன் பூஜைத் தட்டிலிருந்தே ஒரு காய்ந்த திரியை எடுத்தார். காருக்கு அடியில் வைத்திருந்த தாம்பாளத்தில் தோய்த்துக் கொளுத்தினார். கப்பென்று பற்றிக் கரும்புகை விட்டது.

"ரத்தம் எரியுமா? ஆயிலுதான் எரியும்."

"கோவக்காரி ரத்தம் எரியாம என்ன செய்யும்? அம்புட்டும் அவ வயித்தெரிச்சல்!" என்றான் கருப்பணன். கூட்டம் குலவை போட்டது.

டீச்சர் அசரவில்லை. "சரி, தாயத்துக்கும் இதே ரத்தந்தானே?" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து, அதில் இன்னொரு திரியைத் தோய்த்துக் கொளுத்தினார். சடசடத்து அவிந்தது. மோந்து பார்த்தார். "மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தித் தண்ணி!"

கூட்டம் கொதித்தது. "அடப்பாவி, டூப்ளிகேட்டா வித்த? எங்களுக்கு ஒரிஜினல் ரத்தத்தைக் குடு!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டீச்சர் ஒரு சாக்கை விரித்தார். சேலையை இழுத்துச் செருகினார். காருக்கு அடியில் படுத்துவிட்டார். பெண்கள் அலறினார்கள். "டீச்சர், கண்ணு இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் தெரியுது. அப்பாஸ், இங்கன என்னமோ தொங்குது, பாருங்க."

அப்பாஸ் புகுந்தார். ஒரு குதிரை லாடத்தோடு வெளியே வந்தார். கம்பி போட்டு ஒரு மெல்லிய குழாயில் கட்டியிருந்தது. நம் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆடி ஆடி, கம்பி குழாயை அறுத்து ஓட்டை போட்டிருந்தது.

"இதுலதான் முதலாளி கியர் ஆயிலு போகுது. ஆயிலு கொறைஞ்சா கியர் பிடிக்காது. இன்ஜின் கத்தும், சக்கரம் சுத்தாது. சூடு ஆறுனா செத்த பிடிக்கும், பெறகு வழுக்கிரும்."

"பூஜையில ஆறுனது கன்னி கோவம் இல்ல, இன்ஜின் சூடு" என்றார் டீச்சர். "சரி, லாடத்தைக் கட்டுனது யாரு?"

மலைச்சாமி மெல்லத் திரும்பினார். வண்டி வந்த அன்று, யார் கண்ணிலும் படாத இடத்தில் கட்டினால்தான் திருஷ்டி நிற்கும் என்று சொல்லி, கீழே படுத்துக் கட்டியவன் கருப்பணன். கீழே ஏன் குனியக் கூடாது என்று இப்போது விளங்கியதா? ஆளைத் தேடினால், அவன் "ரத்தக் கார்" பஸ்ஸின் பின்படியில் தொற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

அப்பாஸ் குழாயில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினார். வெள்ளைக்காரர் டிக்கியில் வைத்துவிட்டுப் போன டின்னைத் திறந்து ஊற்றினார். சிவப்பு ஆயில்! மலைச்சாமி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். கார் ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிப் போய், திரும்பி வந்தது.

"கடையை நடத்து தாயி" என்றார் மலைச்சாமி.

"நடத்துறேன். ஊரறிய எழுதிக் குடுத்துட்டுப் போங்கய்யா. நாளைக்கு உங்க லாரி ஒழுகும்" என்றாள் செல்லக்கிளி. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

லாடத்தை அவள் கடை வாசலில் மாட்டிவைத்தாள். மறுநாளே ஒருவர் சூடத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, இதுக்கு என்னன்னு வேண்டிக்கணும்?"

"எது நின்னாலும் முதல்ல குனிஞ்சு பாக்குற புத்தி வரணும்னு வேண்டிக்க, அப்பு."

அவர் சூடத்தை ஏற்றிவிட்டு அப்படியே வேண்டிக்கொண்டார். மகா ஜனங்களே, கண்டவன் காலிலெல்லாம் குனிந்து கும்பிடுகிற முதுகுதானே அது? ஒருதடவை குனிந்து பார்த்தால் ஒடிந்தா போகும்?