முதுகு பார்க்கும் டிரஸ்ஸர்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு நான் முதலில் பார்த்தது, டிரஸ்ஸரின் தலைக்கு மேலே நின்ற ஒரு பீங்கான் தட்டை. அதில் சோறும் சாம்பாரும் இருந்தன.

எழுபதுகளில் போடிமெட்டைச் சுற்றிய எஸ்டேட்களில் அவர் அடிப்பக்கம் பார்க்காத தட்டு கிடையாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுவது அவருக்கு உத்தியோகம். தட்டின் முதுகில் கம்பெனி முத்திரையை வாசிப்பதுதான் வாழ்க்கை. சீமைக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவார், பதிலும் வரும். ஆபீஸ் டைப்பிஸ்டான நான்தான் அடித்துக் கொடுப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரித் தட்டின் அடியைப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமல் திரும்பியவர்.

அன்று பங்களா வாட்ச்மேன் மாடசாமியின் மகளுக்குக் காதுகுத்து. பெரிய ஆட்களுக்காக அவன் மனைவி பேச்சி, தன் அப்பன் விட்டுப்போன மரப்பெட்டியிலிருந்து ஆறு நீலப்பூத் தட்டுகளை எடுத்திருந்தாள்.

“அசல் சீமைச் சரக்கு! பங்களாத் தட்டும் இதே முத்திரைதான்!” என்று கூவினார் டிரஸ்ஸர்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலையாளி மேனேஜர் எச்சில் கையோடு எழுந்தார். போன மழைக்காலத்தில் பங்களாவில் ஆறு தட்டுகள் காணாமல்போயிருந்தன.

“மாடசாமி, நாளை முதல் ஜோலிக்கு வர வேண்டாம், கேட்டோ. வீட்டையும் காலி செய்யணும்.”

“அண்ணாச்சி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா திங்கக் கூடாதா? குடியக் கெடுத்துட்டீகளே!” என்றாள் பேச்சி.

டிரஸ்ஸர் பதறவில்லை. பங்களாவிலிருந்து ஒரு தட்டு வரவழைத்தார். ஆறு தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்து, அதையும் பக்கத்தில் கவிழ்த்தார். ஒரே முத்திரை. மாடசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

பிறகு டிரஸ்ஸர் தட்டுகளை நிமிர்த்தினார். ஒரு தட்டின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டது அந்த ஒருநாள்தான். முள் எடுக்கும் பூதக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்து வந்தது.

“பங்களாத் தட்டப் பாருங்க சார், பூராவும் கத்திக் கீறல். துரைமாரு அறுத்து அறுத்துத் தின்னது. பேச்சி தட்டுல ஒரு கீறல் உண்டா? இந்த மயிரிழை விரிசலுக்குள்ள பாருங்க, மஞ்சள். ஒரு மழையில ஏறுன மஞ்சளா இது? காலங்காலமா கொழம்பு ஊத்திக் கையால பெசஞ்சு தின்ன தட்டு சார். பங்களாவுல எந்தத் துரை பெசஞ்சான்?”

மேனேஜர் ஒவ்வொரு தட்டாக நகத்தால் தடவினார். ஆறாவதை மட்டும் கீழே வைக்கவில்லை. அதோடு உட்கார்ந்தார்.

“பேச்சி, கொறச்சு ரசம்.”

பந்தல் முழுக்க விசில் பறந்தது.

அதன்பிறகு பேச்சி வீட்டில் டிரஸ்ஸருக்கு முதலில் வெறும் தட்டைத்தான் கொடுப்பார்கள். அவர் கவிழ்த்துப் பார்த்து முடித்த பிறகு சோறு போடுவார்கள்.