குறோட்டனாரின் கந்தோர் வைத்தியம்

யுத்த காலத்தில் மட்டக்களப்பில் வருத்தம் இல்லாத ஆள் இல்லை. ஒருவருக்கு நித்திரை இல்லை, ஒருவருக்கு நெஞ்சு படபடப்பு, இன்னொருவருக்குக் காரணமில்லாத கோபம். இவை அத்தனைக்கும் காரணம் யுத்தம் அல்ல, வேலை செய்கிற மேசையில் பச்சையாக ஒன்றும் இல்லாததுதான் என்று அடித்துச் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவரையும் இடமாற்றத்தில் எங்கள் கந்தோருக்குத்தான் அனுப்பினார்கள்.

தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது கேட்கும். மற்ற நாளெல்லாம் அவர் குறோட்டனார்.

எங்கள் கந்தோர், அதாவது காணி அலுவலகம், வாவிக்கரையில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். வயல்காரர்களின் எல்லைத் தகராறுகளைக் கேட்டு, தீர்க்காமல் வைத்திருப்பது எங்கள் வேலை. ஒருமுறை பக்கத்தில் விழுந்த ஷெல்லில் யன்னல் கண்ணாடியெல்லாம் கொட்டிப்போனது. புதுக் கண்ணாடி வரும் வரைக்கும் என்று தகரம் அடித்தார்கள். கண்ணாடி வரவேயில்லை. பட்டப்பகலில் பல்ப் போட்டு வேலை செய்தோம். கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யவில்லை. வெளிச்சம் இருந்த நாட்களிலும் பெரிய வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்த இருட்டுக்குள் ஒரு நாள் காலை, கையில் பால்மா வந்த வெறும் தகரப் பேணி, பேணிக்குள் மஞ்சளும் சிவப்புமாய் ஒரு குறோட்டன் செடி என்று இந்த மனிதர் வந்து நின்றார். தன்னுடைய கதிரை எது என்று கேட்கவில்லை. எங்கள் ஒவ்வொருவருடைய மேசைக்கும் போய் முகத்தை உற்றுப் பார்த்தார். கடைசியில் பெரியவரிடம், அதாவது எங்கள் மேலதிகாரியிடம் போய், இந்தக் கந்தோரில் எல்லாரும் மஞ்சளாக இருக்கிறார்கள், பச்சை குறைந்துவிட்டது, இன்றைக்கே வைத்தியம் தொடங்க வேண்டும் என்று அறிவித்தார். பெரியவருக்கு ஏற்கனவே பிறசர். அது அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடியது.

முதல் நோயாளி பெரியவர்தான். ஆள் உயரத்துக்கு வளர்ந்த ஒரு குறோட்டனை எங்கிருந்தோ கொண்டுவந்து, அவருடைய மேசைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தார் குறோட்டனார். ஒரு மாதத்தில் பெரியவரின் பிறசர் இறங்கியது. டொக்டரே ஆச்சரியப்பட்டாராம். உண்மை என்னவென்றால், சண்டை பிடிக்க வருகிற வயல்காரர் கதவில் நின்று எட்டிப் பார்த்து, இலைதான் தெரிகிறது, ஆள் இல்லைப்போல என்று திரும்பிப் போனார்கள். வைத்தியம் பலித்தது பலித்ததுதான்.

அடுத்தது லாபிர் நானா. காத்தான்குடியிலிருந்து வருகிறவர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய தலை மெல்ல மெல்ல இறங்கி, மேசையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய்ப் படுக்கும். அந்த இடத்தைக் கவனித்து வைத்து, அதே இடத்தில் ஒரு முள்ளுக் கள்ளியை வைத்தார் குறோட்டனார். அதற்குப் பிறகு நானா மேசையில் தூங்கவில்லை. பழைய கோப்புகள் வைத்திருக்கிற அறையில் தூங்கினார்.

எனக்கு ஒரு கற்றாழை. ஏன் என்று கேட்டேன். நான் எதற்கெடுத்தாலும் முறைப்பாடு சொல்கிறேனாம். கற்றாழைக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும், வெயில் இல்லாவிட்டாலும் பேசாமல் இருக்குமாம். பக்கத்திலே வைத்துப் பார்த்துப் பழகச் சொன்னார்.

ரைப்பிஸ்ட் கமலா மிஸ்ஸுக்குச் செய்த வைத்தியத்தைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் போதும், அவவின் விரல்கள் மெஷினில் அப்படியே நின்றுவிடும். முகம் வெளுத்துப்போகும். அவவின் தம்பி ஒருவர் சத்தம் கேட்ட ஒரு நாளில் வெளியில் போய்த் திரும்பி வரவில்லை. அவவின் மேசையில் ஒரு தொட்டாச்சுருங்கியை வைத்துவிட்டு, சத்தம் கேட்டால் இதைத் தொடுங்க, சுருங்கும், பிறகு விரியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருங்க, வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றார். மிஸ் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் சத்தம் கேட்டபோது தொட்டா. இலை சுருங்கியது. அது மெதுவாக விரிந்து முடிய அவவின் விரல்களும் மெஷினில் ஓடத் தொடங்கின.

ஆனால் அந்த ஆண்டில் சத்தத்துக்கு ஓய்வே இருக்கவில்லை. செடிக்கு விரிய நேரம் கிடைக்கவில்லை. ஒரு நாள் குறோட்டனார் வந்து அந்தச் செடியைப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்:

"மிஸ், அதுக்கும் ஒரு மனசு இரிக்கி. கொஞ்சம் விட்டு விட்டுத் தொடுங்க."

தகரம் அடித்த கந்தோருக்குள் செடிக்கு வெயில் ஏது? ஆகவே காலையில் கையெழுத்து வைத்த கையோடு எல்லாரும் தங்கள் தங்கள் பேணியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக விறாந்தைக்குப் போக வேண்டும். மத்தியானம் திரும்ப உள்ளே. அரசாங்க உத்தியோகத்தர்கள் பேணி சுமந்து ஊர்வலம் போவதை, எல்லைத் தகராற்றோடு வந்த சனம் எழும்பி நின்று பார்க்கும்.

தெருமுனைக் காவலரணில், சென்றியில், நின்ற ஆமிக்காரரும் பார்த்தார்கள். தினம் தினம் பேணிகள் வெளியே வருவதும் உள்ளே போவதும் அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நாள் நாலைந்து பேர் வந்து, எங்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் பேணிகளுக்குள் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். குறோட்டனார் முன்னுக்குப் போய், அப்படிக் குத்தினால் வேர் அறுந்துபோகும் என்று தமிழிலேயே விளக்கம் சொல்லி, ஒரு குறோட்டனை வேரோடு பக்குவமாகத் தூக்கிக் காட்டி, திரும்ப வைத்து மண்ணை அமத்தினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் இலையைத் தடவி, தன்னுடைய வீட்டு வாசலிலும் இதே செடி நிற்கிறது என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். ஒரு கொப்புத் தர முடியுமா என்றும் கேட்டான்.

இவர் கொப்புக் கொடுத்ததோடு நின்றிருக்கலாம். அடுத்த நாளே பேணியும் மண்ணும் கொண்டுபோய், சென்றி மண்மூட்டைக்கு மேலே வரிசையாக நட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களும் மஞ்சளாகத்தான் இருக்கிறார்களாம். அதற்குப் பிறகு சென்றிக்காரரின் முறைப்புக் குறைந்துவிட்டது என்று அவர் சொன்னார். எங்கள் பைகளை முன்னைப்போலவே கொட்டித்தான் பார்த்தார்கள்.

சென்றியில் குறோட்டன் செழித்தது. அந்தச் செழிப்பு வாவிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்கக்காரரின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. வவுணதீவுப் பக்கமிருந்து வந்த ஒரு வயல்காரர், தன்னுடைய அலுவலை முடித்துக்கொண்டு எழும்பும்போது, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"பூக்கண்டு வைக்கிற ஐயா ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம்."

அந்த நாளில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு. பெரியவர் குறோட்டன் இலைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, லீவு எழுதித் தருகிறேன், கொழும்புக்குப் போய்விடுங்க என்றார். லாபிர் நானா ஓட்டமாவடியிலிருக்கிற தன் மச்சானிடம் சொல்லி, பொலன்னறுவை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். குறோட்டனார் எல்லாரையும் கேட்டுவிட்டு, தான் போகாவிட்டால் அவர்கள் இங்கே வருவார்கள், வந்தால் விறாந்தையில் இருக்கிற பேணியெல்லாம் கால் பட்டுச் சரியும் என்றார். கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தொட்டாச்சுருங்கிக்குக் காலையில் மட்டும் ஊற்ற வேண்டும் என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு ஓடத்தில் ஏறிப் போனார்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கந்தோரில் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. ஒன்பது மணிக்கு முன்னால் ஒருபோதும் வராத நான் எட்டரைக்கே வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு முன்னாலேயே கமலா மிஸ் வந்து ஊற்றியிருக்கிறா. லாபிர் நானா மத்தியான லுகர் தொழுதுவிட்டு வந்து ஊற்றினார். பின்னேரம் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெரியவரும் ஒரு செம்போடு சுற்றி வந்தார். வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். பேணிகளெல்லாம் குளமாகின. கள்ளி கூட அழுகத் தொடங்கியது.

நாங்கள் நம்பிக்கையைக் கைவிட்ட பிறகு ஒரு காலை, வழக்கமான நேரத்துக்கு, குறோட்டனார் விறாந்தையில் ஏறினார். முகத்தில் தாடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். கேட்டபோது, ஓடத்திலிருந்து இறங்கையில் சுளுக்கியது என்றார். எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு பேணிக்குள் விரலை விட்டவர், திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஆர் இதுக்கு இவ்வளவு தண்ணி ஊத்தினது? ஒரு கந்தோரில ஒருத்தருக்கும் பொறுப்பில்லையா?"

பேணிகளைச் சரித்துத் தண்ணீரை வடியவிட்டபடியே, போன இடத்துக் கதையைச் சொன்னார். ஒரு சின்னப் பொடியன்தான் விசாரித்தானாம். ஆமிக்கு ஏன் செடி கொடுத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். வைத்தியம் என்று இவரும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவன் நம்பவில்லை.

"அவனைச் சொல்லிக் குற்றமில்ல. ஒரு மேசை, ஒரு லாம்பு. பச்சையா ஒண்டுமே இல்ல அங்க. அவனும் மஞ்சளாத்தான் இரிக்கான், பாவம். என்னைப் போக விடக்க, வேலியில நிண்ட குறோட்டன்ல ஒரு கொப்பு முறிச்சு அவன்ட மேசையில வச்சிட்டு வந்தன்."

அவன் என்ன சொன்னான் என்று பெரியவர் கேட்டார். எத்தனை நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டானாம்.

கமலா மிஸ் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டா. லாபிர் நானா சால்வையால் முகத்தைத் துடைத்தார். பெரியவருக்கு அந்த நேரம் பார்த்துத் தன்னுடைய மேசையில் ஏதோ அவசர வேலை வந்தது. குறோட்டனார் நிமிர்ந்து எங்கள் கண்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை, நொண்டி நொண்டி, கை நிறைய நந்தியாவட்டைக் கொப்புகளோடு வந்தார். ஆளுக்கொன்று நட்டு வைத்தார். கந்தோர் முழுக்கக் கண்ணோய் பரவியிருக்கிறது, நந்தியாவட்டைப் பூதான் அதற்கு மருந்து என்றார். நாங்கள் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை.