குலவைக்கு எஞ்சினை நிறுத்தியவன்

புதிதாக வாங்கியதை நல்ல நாளுக்கென்று எடுத்துவைப்பது எங்கள் குடும்பத்து வியாதி. வேட்டியை அப்படி வைக்கலாம். காது மிஷினை வைக்கக் கூடாது.

பாம்பனில் விசைப்படகு டிரைவராக எஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவன் நான். கனத்த சத்தம் கேட்கும். குருவிச் சத்தமும் குலவையும் எப்போதோ காதை விட்டுப் போய்விட்டன. சொந்த மகள் கல்யாணத்தில் பெண்கள் வாயசைத்ததைத்தான் பார்த்தேன். தங்கச்சி பாண்டியம்மாவின் மகள் மலர் கல்யாணத்திலாவது குலவையைக் கேட்டுவிட வேண்டும் என்று, தாய்மாமன் சீரோடு எனக்கொரு காது மிஷினும் வாங்கினேன்.

ராமநாதபுரத்தில் அதை மாட்டிவிட்ட பெண் படித்துப் படித்துச் சொன்னது: "கீச்சுச் சத்தம் உங்க காதுக்கு எட்டாதுண்ணே. இது அதைக் கனத்த சத்தமா இறக்கிக் குடுக்கும். மொதல்ல ஒண்ணும் வெளங்காது. தெனமும் வீட்ல போட்டுப் பழகுங்க."

"சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்து பீரோவில் பூட்டினேன். (அழுக்காகிவிடுமாம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.)

விடிவதற்கு முன்பே மலருக்கு முகூர்த்தம். அன்றைக்குத்தான் மிஷினைப் பீரோவிலிருந்து எடுத்துக் காதில் மாட்டிப் போனேன். கரண்ட் போய், வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். என் காதிலோ, புரொப்பல்லரில் வலை சுற்றி எஞ்சின் திணறுகிற அதே உறுமல். கடலில் அதைக் கேட்டால் யோசிக்க நேரம் கிடையாது. வாய் தானாகக் கத்தும். கத்தியது.

"ஏலே! மிஷின நிறுத்துலே! நிறுத்து!"

ஜெனரேட்டர்க்காரர் சொன்ன பேச்சுக் கேட்கிற மனுஷன். உடனே நிறுத்திவிட்டார். மண்டபம் இருண்டது. "தீப்பிடிச்சிருச்சு போல!" என்று யாரோ அலற, குலவையிட்டவர்களும் மேளக்காரர்களும் வாசலுக்கு ஓடினார்கள். ஐயர் மட்டும் "நேரம் போறது, கட்டுங்கோ" என்று அவசரப்படுத்த, செல்போன் வெளிச்சத்தில் மாப்பிள்ளை தாலி கட்டினார்.

விளக்கு வந்ததும் பாண்டியம்மா என்னிடம் வந்தாள். "ஏண்ணே, ஒரு குலவைகூட இல்லாம எம்புள்ள கழுத்துல தாலி ஏறிருச்சே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அங்கேயே உயிர் போனால் தேவலை என்றிருந்தது.

அதன் பிறகு தினமும் மாட்டிப் பழகினேன். இப்போது குலவை குலவையாகவே கேட்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டு விசேஷங்களில் குலவைக்கு முன்னால் யாராவது மைக்கைப் பிடித்துவிடுவார்கள்: "பெரிய மாமா கவனத்துக்கு! அடுத்து வாரது குலவை. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு!"

கூட்டமே சிரிக்கும். மலரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். பாண்டியம்மா மட்டும் அந்த நேரம் பார்த்துப் பந்தியைக் கவனிக்கப் போய்விடுவாள்.