மூச்சு அடங்கியது, வாய் அடங்கவில்லை

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் வணக்கத்துடன் எழுதுவது. நாம் பேச்சை நிறுத்தியிருந்தாலும் உங்கள் நலனுக்கான பிரார்த்தனையை நான் நிறுத்தவில்லை, ஆண்டவன் சாட்சி.

என் இடது மார்பில் கட்டி எடுத்ததை அண்ணன் சொல்லியிருப்பார். அடுத்து கதிர்ச் சிகிச்சை, அதாவது கரண்டு வைப்பது. கதிர் பாயும் இடத்துக்கு நேர் பின்னால் இதயமாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சை நன்றாக இழுத்து அடக்கினால் நெஞ்சு விரிந்து இதயம் தள்ளி நிற்குமாம். இன்று ஒத்திகை. தேறாவிட்டால் இதயத்துக்கும் கொஞ்சம் கதிர் போய்ச் சேரும் என்றார் டாக்டர், ஏதோ விருந்தாளி வருகிற மாதிரி.

முழுப் பிரார்த்தனையையும் ஒரே மூச்சில் சொல்கிறவளாயிற்றே என்று தெம்பாகத்தான் படுத்தேன். மெஷின் பார்க்கும் பெண் கனத்த கதவை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திடீரென்று கூரையிலிருந்து குரல்: "மூச்சை இழுங்கம்மா... அப்படியே பிடிச்சுக்கங்க."

"சரிம்மா" என்றேன்.

கண்ணுக்கு மேலே ஒரு திரை; மூச்சை அடக்கினால் அதில் ஒரு கோடு ஏறிப் பச்சைப் பட்டைக்குள் நிற்க வேண்டுமாம். அந்த மூச்சுக்கோடு தொப்பென்று விழுந்தது.

"பதில் சொல்லாதீங்கம்மா, மூச்சு போயிடுது."

"ஐயோ, இனிமே சொல்லமாட்டேம்மா."

மறுபடி விழுந்தது. நான் என்ன செய்வேன் அண்ணி? ஒருத்தி இவ்வளவு மரியாதையாகப் பேசும்போது மரக்கட்டை மாதிரி கிடக்க முடியுமா? "நல்லா பிடிச்சிருக்கீங்க" என்றாள். "ஆண்டவன் கருணைம்மா" என்று வாய் முந்திக்கொண்டது. எனக்குத்தான் கணக்குத் தப்பாதே, ஆறு முறை விழுந்தது. இதயம் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன்.

கடைசியில் அவள் உள்ளே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "உங்களுக்கு யார் கூடயாவது பேச்சுவார்த்தை இல்லாம இருக்காம்மா?"

"இருக்கே. எங்க அண்ணி."

"அவங்க கூப்பிட்டா?"

"செத்தாலும் வாயத் திறக்கமாட்டேன்."

"அப்போ மைக்குல பேசுறது நான் இல்ல. உங்க அண்ணி."

அதிர்ந்துபோனேன். விளையாட்டா இது? அதற்குள் கதவு மூடியது. "மூச்சை இழுங்க, பிடிங்க." என்னிடம் இரவல் வாங்கிய மிக்ஸி ஜாரை நான் திருப்பிக் கேட்டபோது, "எந்த ஜாரு?" என்று கேட்டீர்களே, அதே முகத்தோடு கண் முன்னால் வந்து நின்றீர்கள். பச்சைப் பட்டைக்குள் என் மூச்சு ஆணி அடித்த மாதிரி நின்றது. "போதும், விடுங்கம்மா, விடுங்க!" என்று அவள் பதறியும் விடவில்லை. உங்களுக்கா நான் பதில் சொல்வேன்?

ஆக, என் இதயம் பிழைத்தது உங்களால். பகையெல்லாம் இத்தோடு தீர்ந்தது, ஜாரும் வேண்டாம். உடனே என்னைப் பார்க்க வாருங்கள். அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, எல்லோருக்கும் ஆண்டவன் துணை.

அன்புள்ள நாத்தனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் நெஞ்சு திக்கென்றது. நாளை முதல் மூன்று வாரம் நிஜக் கதிர். தயவுசெய்து வராதீர்கள், போனும் வேண்டாம். முடிந்தால் என்னைப் பற்றி யாரிடமாவது நாலு வார்த்தை மோசமாகச் சொல்லி, அது என் காதுக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.