பளபளத்த கேட்

"யாரும்மா கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சது?" ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஓவர்சியர் அலறினார்.

"நான்தான் சார். பெரிய அதிகாரி வர்றாருன்னீங்களே!" கேட்கீப்பர் அம்மாவின் முகத்தில் பெருமை வழிந்தது.

ஓவர்சியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அரசாங்கம் ஒதுக்கிய நிதி ஒரே ஒரு மேம்பாலத்துக்குத்தான். எந்த ரயில்வே கேட் ரொம்ப ஆபத்தானதோ, அதற்கே கிடைக்கும். மூடிய கேட்டுக்கு அடியில் ஜனங்கள் குனிந்து ஓடுவதைப் பார்த்தே பாதி உயிர் போனவர் அவர். இன்றைக்குப் பார்த்து கேட், முதல் நாள் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை மாதிரி நின்றது.

அவசரமாகச் சேற்றை அள்ளி அப்பினார்.

"முதுகொடிய அடிச்சேனே, பாவி மனுஷா!" என்று அந்த அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ, கேட் முன்னைவிடப் பளபளத்தது.

ஓவர்சியர் டீக்கடைக்கு ஓடினார். "அதிகாரி வர்றார். எல்லாரும் வழக்கம்போல குனிஞ்சு ஓடுங்கப்பா!"

"அவர் கண்ணெதிர்லயா? அபராதம் போட்டா நீங்க கட்டுவீங்களா?"

அதிகாரி வந்து இறங்கிய நேரம் ரயிலும் வந்தது. ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். எப்போதும் முதல் ஆளாகப் பாயும் பால்காரர் கைகட்டி நின்றார்.

அதிகாரி பூரித்துப்போனார். "இவ்வளவு ஒழுங்கான கேட்டை நான் பார்த்ததே இல்ல! இங்க எதுக்கு மேம்பாலம்? நிதியை வேற இடத்துக்குக் கொடுத்துடலாம்."

ஓவர்சியருக்கு அழுகையே வந்துவிட்டது.

கேட் திறந்தது. அதிகாரியின் கார் கிளம்பி, தண்டவாளத்தின் நட்டநடுவில் நின்றது. டிரைவர் சாவியைத் திருகுவதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார்.

அடுத்த ரயிலுக்கு மணி அடித்தது! ரயில் கண்ணிலேயே படவில்லை. அதிகாரியின் காதுக்குள் மட்டும் தடதடவென்று ஓடியது.

"ஐயோ! தள்ளுங்கய்யா!" கதவைத் திறந்து குதித்தவர், ஒற்றைச் செருப்போடு டீக்கடையில் போய் நின்றார். கேட்கீப்பர் அம்மா சிவப்புக் கொடியோடு பறந்தார்.

அதிகாரி போனை எடுத்தார். "மேம்பாலம் இங்கதான்! இன்னைக்கே எழுதுங்க!"

ஓவர்சியர் துள்ளிக் குதித்துக் காரைத் தள்ள ஓடினார். அவர் கை படுமுன்பே கார் வழுக்கிக்கொண்டு கிளம்பி, அந்தப் பக்கம் போய் நின்றது.

"இவ்வளவு நேரம் என்னய்யா ஆச்சு இதுக்கு?" என்றார் ஓவர்சியர் மூச்சிரைக்க.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகல சார். என் பொண்ணு தினமும் இந்த கேட்டைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறா."